326: ஓர் எண்ணுக்குள் அடைக்கப்பட்ட மக்கள்

நூலகத்துக்குள் நுழைந்தால் நாம் அலமாரிகளைப் பார்க்கிறோம். அலமாரிக்கு வருவதற்கு முன் நூல் எந்த அறையில் கிடந்தது என்று கேட்பதில்லை. பல்கலைக்கழக நூலகங்களில் அந்த அறைக்குத் தொழில்நுட்பப் பிரிவு என்று பெயர். வாங்கிய நூலைப் பதிவேட்டில் ஏற்றுவது, அது எந்தத் துறையைச் சேர்ந்தது என்று முடிவு செய்வது, முதுகில் எண் ஒட்டுவது, கேட்லாக்கில் என்ன சொல்லைத் தட்டினால் அது வரவேண்டும் என்று எழுதுவது எல்லாம் அங்கேதான். அரசியலுக்கு இடமே இல்லாத வேலை போலத் தெரியும். நம் கிராமங்களின் வருவாய்க் கணக்கில் ஊர்நத்தம், சேரிநத்தம் என்று எழுதி வைத்தார்களே, அதுவும் வெறும் நிலக்குறிப்பு போலத்தான் தெரிந்தது.

உலகெங்கும் நூலகங்கள் பின்பற்றும் பகுப்பு முறையை 1876இல் வெளியிட்டவர் அமெரிக்கரான மெல்வில் ட்யூயி. அறிவு முழுவதையும் பத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மீண்டும் பத்துப் பத்தாக உடைத்துக்கொண்டே போகும் முறை அது. சமூக அறிவியலுக்கு 300, இலக்கியத்துக்கு 800. வசதியான ஏற்பாடுதான். அந்த ஏற்பாட்டில் கறுப்பின மக்களுக்கு எங்கே இடம் கிடைத்தது? 326 என்றால் அடிமை முறை. 325 என்றால் குடியேற்றம். வெள்ளையரின் நூலகங்களில் கறுப்பின மக்கள் எழுதியவையும் அவர்களைப் பற்றி எழுதப்பட்டவையும் பெரும்பாலும் இந்த இரண்டு எண்களுக்குள்ளேயே போய் விழுந்தன. வரலாறா, மருத்துவமா, இசையா என்று யாரும் பார்க்கவில்லை. ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் பெயர்பெற்ற கவிஞர். அவருடைய கவிதை நூலைக்கூட 325இல் வைத்தார்கள். கவிதை எழுதினாலும் நீ குடியேற்றப் பிரச்சினைதான் என்று அந்த எண் சொன்னது.

ட்யூயியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் நடத்திய லேக் பிளாசிட் மனமகிழ் மன்றத்தில் யூதர்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் இடமில்லை. இதைக் கண்டித்து எழுந்த முறையீட்டால் 1905இல் நியூயார்க் மாநில நூலகர் பதவியைத் துறக்க நேர்ந்தது. அமெரிக்க நூலகச் சங்கம் தன் பதக்கத்திலிருந்து அவர் பெயரை நீக்க 2019 வரை ஆனது.

இந்த 326க்கு எதிராக ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்குள் உட்கார்ந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவர் டோரதி போர்ட்டர். 1905இல் பிறந்தவர். வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கேயே நூலகப் பணியில் சேர்ந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நூலகவியல் முதுகலைப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர், ஆண்டு 1932. அந்த நூலகவியல் பள்ளியைத் தொடங்கியவர் ட்யூயிதான். 1913 முதல் 1916 வரை அண்ணல் அம்பேத்கர் படித்ததும் அதே கொலம்பியாவில்தான் என்பதை நம் தோழர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை.

ஹோவர்டில் 1914ஆம் ஆண்டே ஜெசி மூர்லேண்ட் என்ற கறுப்பினப் போதகர் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தன் நூல்களைக் கொடையாகக் கொடுத்திருந்தார். 1930இல் அந்தத் தொகுப்பின் பொறுப்பு டோரதியிடம் வந்தது. கையில் பணம் கிடையாது. பதிப்பாளர்களுக்கும் பழைய புத்தக வியாபாரிகளுக்கும் எழுதி எழுதிக் கேட்டார். யாராவது இறந்துவிட்டார் என்று தெரிந்தால், வீட்டிலிருக்கும் பழைய தாள்களைக் குப்பையில் போடுவதற்குள் போய்க் கேட்டு வாங்கினார். நம் வீடுகளில் பழைய துண்டறிக்கைகளும் மாநாட்டு மலர்களும் எடைக்குப் போன கதை உங்களுக்கும் தெரியும்.

ஆனால் சேகரித்தது பாதி வேலைதான். சேகரித்ததை எப்படி அடுக்குவது என்று மற்ற நூலகங்களிடம் கேட்டால், எல்லோரும் ட்யூயியைக் காட்டினார்கள். டோரதிக்கு அது முட்டாள்தனமாகப் பட்டது. ஹோவர்டில் தனக்கு முன் நான்கு பெண் நூலகர்கள் தொடங்கி வைத்த வகைப்பாட்டை எடுத்து விரித்தார். எழுத்தாளர் பெயர் வாரியாக, துறை வாரியாக அடுக்கினார். கலை, மானுடவியல், பொருளாதாரம், கல்வி, மருத்துவம், இசை, மொழியியல், விளையாட்டு, சமயம் என்று ஒவ்வொரு துறையிலும் கறுப்பின மக்களின் நூல்கள் தத்தம் இடத்தில் நின்றன. அடிமை முறையைப் பற்றிய நூல்களும் இருந்தன. அந்த ஒரு தலைப்புக்குள் மற்றவை அடைபடவில்லை.

1946இல் நடந்ததை நாங்கள் எங்கள் படிப்பு வட்டங்களில் அடிக்கடி சொல்வோம். ஆர்தர் ஸ்பிங்கார்ன் என்ற வழக்கறிஞர் உலகெங்கிலுமிருந்து சேர்த்த கறுப்பின எழுத்தாளர்களின் நூல்களை ஹோவர்ட் விலைக்கு வாங்க முனைந்தது. டோரதி மதிப்பிட்டார். பல்கலைக்கழகப் பொருளாளருக்கு அவர் மதிப்பீடு போதவில்லை. வெளியாள் ஒருவர் மதிப்பிட வேண்டும் என்றார். டோரதி அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் மதிப்பீட்டாளரிடம் போனார். அவர் தொகுப்பைப் பார்த்துவிட்டு, கறுப்பின நூல்களைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது, அறிக்கையை நீங்களே எழுதுங்கள், நான் அனுப்பிவிடுகிறேன் என்றார். டோரதி எழுதினார். வெள்ளை நிபுணர் எழுதியது என்று நம்பிய பொருளாளர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார். (அதே 1946இல்தான் அம்பேத்கர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பின மக்கள் அளித்த மனுவின் படிகளைக் கேட்டார்.)

1973இல் டோரதி ஓய்வு பெற்றார். அந்த மையம் இன்று மூர்லேண்ட்-ஸ்பிங்கார்ன் என்று கொடையாளரும் சேகரிப்பாளருமான இரண்டு ஆண்களின் பெயரால் அழைக்கப்படுகிறது. அடுக்கியவரின் பெயர் ஒரு வாசிப்பறைக்கு உண்டு.

எண்ணுக்கு அடுத்தது சொல். கேட்லாக்கில் ஒரு நூலுக்குப் பொருள் தலைப்பு கொடுப்பார்கள். அந்தச் சொற்பட்டியலையும் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்திடமிருந்துதான் எடுக்கின்றன. 1960களின் இறுதியில் ஜாம்பியா பல்கலைக்கழக நூலகத்தில் பணியாற்றிய சான்ஃபோர்ட் பெர்மன் அந்தப் பட்டியலில் 'காஃபிர்' என்ற தலைப்பைக் கண்டார். ஆப்பிரிக்கரை இழிவுபடுத்த வெள்ளையர் பயன்படுத்திய சொல் அது. ஆப்பிரிக்க மாணவர் தன் பல்கலைக்கழகத்தில் தன் மக்களைப் பற்றிய நூலைத் தேட, தன்னைத் திட்டும் சொல்லைத் தேட வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட தலைப்புகளையெல்லாம் திரட்டி பெர்மன் 1971இல் ஒரு நூலே வெளியிட்டார். அதே பட்டியலில் நம் மக்களும் 'தீண்டத்தகாதோர்' என்றே இருந்தார்கள். 'தலித்துகள்' என்ற தலைப்பு பின்னால் வந்தது. தானாக வரவில்லை, அந்தச் சொல்லைத் தங்கள் பெயராக எழுதியும் பேசியும் நிலைநிறுத்திய ஒரு தலைமுறை அதற்கு முன் இருந்தது.

உங்கள் பல்கலைக்கழகத்தில் ட்யூயி முறை இருந்தால் ஒரு மதியம் அலமாரிகளுக்கிடையே நடந்து பாருங்கள். சாதி அமைப்பு 305.5122. தலித்துகள் 305.5688, விலக்கப்பட்ட வகுப்புகளுக்கான 305.568இன் உட்பிரிவு அது. விலக்கியவர்கள் ஓர் எண்ணிலும், விலக்கப்பட்டவர்கள் இன்னோர் எண்ணிலும் நிற்கிறார்கள். தமிழ் இலக்கியத்துக்கு 894.811. ஒரு தலித் கவிஞரின் தொகுப்பு இந்த 894.811இல் இருக்கிறதா, 305.5688இல் இருக்கிறதா என்று பாருங்கள். பல நூலகங்கள் வேறு நூலகம் ஏற்றிய பதிவை அப்படியே இறக்கிக்கொள்கின்றன. ஆகவே ஓரிடத்தில் செய்த தவறு ஊர் ஊராகப் போகும். தொழில்நுட்பப் பிரிவில் இருப்பவர்களிடம் எழுதிக் கேட்கலாம். அவர்களில் பலர் ஆள் பற்றாக்குறையில் திணறுபவர்கள். சண்டைக்காரராகப் போக வேண்டாம், நூலைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

மாணவர்கள் கேட்டு மாறியிருக்கிறது. 2014இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரி மாணவர்கள், ஆவணமில்லாமல் குடியேறியவர்களை 'சட்டவிரோத அந்நியர்' என்று குறிக்கும் தலைப்பை நீக்கக் கோரினார்கள். நாடாளுமன்ற நூலகம் 2016இல் இசைந்தது. உடனே அரசியல்வாதிகள் குறுக்கே விழுந்தார்கள். ஒரு நூலகத் தலைப்புக்காக நாடாளுமன்றத்தில் சண்டை! கடைசியில் 2021இல் அந்தத் தலைப்பு போனது.

இங்கே இன்னொரு வாய்ப்பு உங்கள் கையிலேயே இருக்கிறது. முனைவர் பட்ட ஆய்வேடு சோத்கங்கா தளத்தில் ஏறும்போது அதனுடன் திறவுச்சொற்களும் ஏறுகின்றன. பத்தாண்டு கழித்து உங்கள் ஆய்வைத் தேடும் ஒரு தங்கை அந்தச் சொற்கள் வழியாகத்தான் வந்து சேருவார். கடைசி நாள் அவசரத்தில் நெறியாளர் சொன்ன ஆங்கிலச் சொற்கள் நான்கை எழுதிவிட்டு வராதீர்கள். ஆய்வு செய்த ஊரின் பெயர், அந்த மக்கள் தங்களை அழைத்துக்கொள்ளும் பெயர், அவர்கள் நடத்திய போராட்டத்துக்கு அவர்களே வைத்த பெயர் மூன்றையும் எழுதுங்கள்.