குடை விரியும் வரை

வானிலிருந்து குதித்துப் பழகியவர்கள் ஒன்றுகூடினால் வீரத்தைப் பற்றிப் பேசுவது அரிது. முதுகில் கட்டிய மூட்டை, ஏற்றிச் செல்லும் விமானம், இவற்றுள் ஒன்று பழுதானால் செய்ய வேண்டியது என்ற மூன்றைச் சுற்றியே அவர்கள் பேச்சு அமையும். அனுபவம் கூடக் கூடப் பேச்சு இம்மூன்றிலும் நுணுகிச் செல்லுமே தவிர வேறு திசைக்குப் போகாது. அந்த வழக்கத்தையே நாமும் கைக்கொண்டு, மூட்டை, விமானம், ஆபத்து என்ற வரிசையில் ஒரு தமிழ் மருத்துவரின் வரலாற்றை இங்கே சொல்ல விழைகிறோம். ஆற்காட்டைத் தம் பெயரிலேயே தாங்கிய ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ் அவர். தமிழகத்தில் அவர் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே.

சிங்காரப்பேட்டையில் இருந்துகொண்டு இதை எழுதுவதில் ஒரு பொருத்தம் உண்டு. நம் ஊர் ஒரு கணவாயின் வாயில். பாராமகாலிலிருந்து கர்நாடகப் பாயின்காட்டுச் சமவெளிக்கு இறங்க விரும்பிய படைகள் இவ்வழியாகவே செங்கத்தை நோக்கிச் சென்றன. 1767ஆம் ஆண்டு செப்டம்பரில் ஹைதர் அலியின் படையும் கர்னல் ஸ்மித்தின் கும்பினிப் படையும் செங்கத்தில் மோதிக்கொண்டதும் இந்தப் பாதையின் பொருட்டே. கணவாயை வைத்திருப்பவன் நாட்டை வைத்திருப்பான் என்பது அக்காலப் போர்நெறி. அந்நெறியை ஒரு துண்டுத் துணி பொய்யாக்கியது. மலைக்கு மேலாகப் பறந்து வந்து, எதிரியின் முதுகுக்குப் பின்னால் இறங்கும் படைக்குக் கணவாய் எதற்கு?

மூட்டை

இந்தியர் ஒருவர் வான்குடையில் இறங்கிய வரலாறு படைத்துறையிலிருந்து தொடங்கவில்லை, கேளிக்கையிலிருந்து தொடங்குகிறது. 1889இல் பெர்சிவல் ஸ்பென்சர் என்ற ஆங்கிலேயர் பலூனுடன் இந்தியாவுக்கு வந்து வித்தை காட்டினார். அவரிடம் பயின்ற கல்கத்தாவின் உடற்பயிற்சி வித்தகர் ராம்சந்திர சட்டர்ஜி, மறு ஆண்டே பலூனிலிருந்து வான்குடையில் இறங்கிக் காட்டினார். அந்நாளைய குடையில் இன்று நாம் காணும் மூட்டை கிடையாது. பலூனின் பக்கத்தில் துணி தளர்ந்து தொங்கும். மனிதனின் எடை இழுக்க, அது பிய்த்துக்கொண்டு வந்து காற்றில் விரியும். ஊஞ்சல் கம்பியில் தொங்கிப் பழகிய கைகளுக்கே அது கைகூடும் என்பதால்தான் சர்க்கஸ் கலைஞர்கள் இத்தொழிலில் முந்திக்கொண்டனர்.

குடையை மடித்து முதுகில் கட்டிக்கொண்டு குதித்து, வீழும்போதே தானாக இழுத்து விரிக்கலாம் என்று 1919இல் அமெரிக்காவில் லெஸ்லி இர்வின் நிறுவினார். வீழும் மனிதன் நினைவிழந்துவிடுவான் என்று கற்றோர் பலரும் நம்பிய காலம் அது. நினைவு தப்பாது என்பதை ஒருவர் குதித்துக் காட்டித்தான் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது.

குடைக்கு வேண்டியது மெலிந்தும் வலிந்தும் இருக்கும் துணி. பட்டுக்கு நிகர் அன்று வேறில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் பட்டு நின்றுபோன போது, இந்தியப் பட்டுக்குத் திடீர்க் கிராக்கி எழுந்தது. மைசூர்ச் சீமையிலும், அன்று கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த கொள்ளேகாலத்திலும் நூற்பாலைகள் வான்குடைக்காகப் பட்டு நூற்றன. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்தில் இன்று முசுக்கொட்டைத் தோட்டங்களையும் பட்டுக்கூடு அங்காடியையும் கடந்து செல்லும் நாம், கூடென்றாலே முகூர்த்தச் சேலையைத்தான் நினைக்கிறோம். அதே இழை சில தலைமுறைகளுக்கு முன் மனித உயிரைத் தாங்கியது. பின்னர் நைலான் வந்து பட்டை விலக்கிவிட்டது. 1941இல் கான்பூரில் வான்குடைத் தொழிற்சாலை தொடங்கப்பட்டது.

சரக்கை இறக்கும் குடைக்கு இவ்வளவு நயம் வேண்டியதில்லை. பர்மாப் போர்முனையில் துணிப் பஞ்சம் வந்தபோது, தளபதி ஸ்லிம் கல்கத்தாச் சணல் ஆலைகளை நாடி, சணலாலேயே குடை செய்வித்தார். வழக்கமான குடை இருபது பவுன் விலை என்றால் சணற்குடை ஏறத்தாழ ஒரு பவுன்தான். அரிசி மூட்டைக்கும் தோட்டாப் பெட்டிக்கும் அது போதுமானதாக இருந்தது. மனிதனுக்குச் சணலை நம்பத் துணியவில்லை. எதை எதற்கு நம்பலாம் என்ற இந்தக் கணக்கே மூட்டையைப் பற்றிய அறிவின் சாரம்.

இந்தியாவில் 50ஆவது வான்குடைப் படையணி 1941 அக்டோபரில் உருவானது. அதன் 152ஆவது இந்தியப் பட்டாளத்தின் மருத்துவ அதிகாரி லெப்டினன்ட் ரங்கராஜ். அவரும் ஹவில்தார் மேஜர் மதுரா சிங்கும் அவ்வாண்டில் குதித்து, விமானத்திலிருந்து வான்குடையில் இறங்கிய முதல் இந்தியப் படையினர் ஆயினர். 'முதல் இந்தியர்' என்றே பல நூல்கள் எழுதிவிடுகின்றன. சட்டர்ஜியை மறவாதவர்கள் 'படையினர்' என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்வது நலம். அதனால் ரங்கராஜின் பெருமை ஓர் அணுவும் குறையாது.

அவர் குதித்த முறையை எண்ணிப் பார்க்க வேண்டும். குடையின் உறையிலிருந்து ஒரு பட்டைக்கயிறு விமானத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும். ஸ்டாட்டிக் லைன் என்பார்கள். குதித்தவன் எதையும் இழுக்க வேண்டியதில்லை. அவன் எடையே குடையை உருவிவிடும். பிரிட்டிஷ் குடையில் முதலில் கயிறுகள் நீளும், பிறகே துணி விரியும். எனவே உடலுக்கு அதிர்ச்சி குறைவு. அமெரிக்கக் குடையில் துணி முதலில் விரிந்து, சாட்டை சொடுக்கியது போல் ஆளைப் பிடித்து நிறுத்தும். ஆனால் அமெரிக்கர் மார்பில் மாற்றுக் குடை ஒன்றையும் கட்டியிருப்பர். பிரிட்டிஷ் முறையில் பயின்றவர்களுக்கு 1950களின் நடுப்பகுதி வரை மாற்றுக் குடை இல்லை. ஒரே மூட்டை, ஒரே வாய்ப்பு. ரங்கராஜின் தொடக்கக் குதிப்புகள் அத்தகையவை.

விமானம்

குதிப்பவனுக்கு ஏற்ற விமானத்தின் இலக்கணம் பயணியின் இலக்கணத்துக்கு நேர் எதிரானது. விரைவு அங்கே குறை. மெதுவாகப் பறக்க வேண்டும். கதவு பெரிதாக, வாலிலிருந்து விலகி இருக்க வேண்டும். அடுத்தடுத்துப் பலர் வெளியேறும்போது எடை பின்னோக்கிச் சாயும். அச்சாய்வை விமானி தாங்கிக்கொள்ள வேண்டும். இந்தியாவின் தொடக்கப் பயிற்சிகளுக்கு வாய்த்தது வேலன்ஷியா என்ற பழைய இரட்டைச் சிறகு விமானம். மெதுவாகப் பறப்பது என்ற ஒரு தகுதி அதற்கு நிறையவே இருந்தது. அதன்பின் டகோட்டா வந்தது. பக்கவாட்டுக் கதவும் நம்பகமான இரட்டை எஞ்சினும் கொண்ட அவ்விமானம் உலகெங்கும் வான்குடைப் படைகளின் மாட்டுவண்டியாகவே விளங்கிற்று என்றால் மிகையாகாது.

நம் மாவட்டத்துக்கும் சிறு விமானத்துக்கும் ஓர் உறவுண்டு. ஓசூரை அடுத்த பேலகொண்டப்பள்ளியில் தனேஜா நிறுவனம், இத்தாலியின் பார்ட்டனாவியா வடிவமைத்த பி-68 என்ற இரட்டை எஞ்சின் விமானத்தை 1990களில் உருவாக்கியது. இந்தியாவில் தனியார் நிறுவனம் ஒன்று சிறு விமானம் கட்டிய முன்னோடி முயற்சிகளுள் அதுவும் ஒன்று. விளையாட்டாகக் குதிப்போர் இன்று உலகெங்கும் நாடுவது செஸ்னா, ட்வின் ஆட்டர் போன்ற இவ்வகைச் சிறு விமானங்களையே.

நிற்க. விமானம் எவ்வளவு முதன்மையானது என்பதை ரங்கராஜ் கலந்துகொண்ட கொரியப் போரே காட்டும். சுதந்திர இந்தியா அப்போருக்குச் சண்டையிடும் படையை அனுப்பவில்லை. 60ஆவது வான்குடைக் கள மருத்துவப் பிரிவை அனுப்பியது. லெப்டினன்ட் கர்னல் ரங்கராஜ் அதன் தலைவர். 1951 மார்ச் 23, புனித வெள்ளியன்று, முன்சானி என்ற இடத்தில் 'டோமஹாக்' என்ற நடவடிக்கை நடந்தது. அமெரிக்காவின் 187ஆவது வான்குடைப் படையினர் உட்பட 3,400க்கும் மேற்பட்டோர் சி-119, சி-46 விமானங்களிலிருந்து குதித்தனர். அவர்களோடு ரங்கராஜும் அவருடைய குழுவினருமாகப் பன்னிரண்டு இந்தியர் குதித்தனர்.

ஒரு பட்டாளத்தின் தலைவரை ஏற்றி முன்னே சென்ற விமானம் இயந்திரக் கோளாறால் திரும்ப நேர்ந்தது. பின்தொடர்ந்த விமானங்கள் இலக்குத் தவறின. அப்பட்டாளம் குறித்த இடத்தை விட்டு வேறிடத்தில் இறங்கியது. ஓர் எஞ்சினின் பழுது, ஒரு பட்டாளத்தின் இருப்பிடத்தையே மாற்றிவிட்டது. அன்று எதிரியின் குண்டால் காயமுற்றோரைக் காட்டிலும் தரையிறங்கும்போது அடிபட்டோர் தொகை அதிகம், எண்பதுக்கும் மேல். காயம்பட்டவரைத் தேடி மருத்துவர் பின்னால் வருவது மரபு. இங்கோ மருத்துவரும் அதே கதவு வழியாகக் குதித்து, அதே கல்லும் வரப்புமான நிலத்தில் விழுந்து எழுந்து, பெட்டியைத் திறந்து சிகிச்சையைத் தொடங்க வேண்டியிருந்தது.

ஆபத்து

இன்றைய வான்குதிப்பு விளையாட்டில் மூட்டை முற்றிலும் மாறிவிட்டது. வட்டக் குடையின் இடத்தைக் காற்றறைகள் கொண்ட நீள்சதுரச் சிறகு பிடித்துக்கொண்டது. பழுதான முதற்குடையை ஒரே இழுப்பில் அறுத்துவிட உதவும் மூவளையப் பூட்டைப் பில் பூத் 1970களில் கண்டுபிடித்தார். குதித்தவர் மயங்கிவிட்டாலும், குறித்த உயரத்தில் வேகத்தை அளந்து மாற்றுக் குடையைத் தானே திறக்கும் சைப்ரஸ் என்ற கருவி 1991இல் வந்தது. இவை ஒவ்வொன்றின் பின்னாலும் முன்னர் மாண்டவர்கள் இருக்கிறார்கள்.

கருவி இவ்வளவு வளர்ந்தும் நெறி எளியதாகவே இருக்கிறது. தடையின்றி வீழ்பவர் மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர் வேகத்தில் வீழ்கிறார். ஐந்து நொடி தயங்கினால் 250 மீட்டருக்கு மேல் போய்விடும். எனவே முடிவைத் தரையிலேயே எடுத்துவிட வேண்டும். இந்த உயரத்துக்குள் குடை சீராக விரியாவிட்டால் அறுத்தெறிவேன்; அதற்குக் கீழே ஆராய்ச்சி இல்லை என்று முன்கூட்டியே வகுத்துக்கொண்டவரே பிழைக்கிறார். விமானத்தின் எஞ்சின் நின்றாலும் அப்படியே: தாழ்வாக இருந்தால் விமானத்தோடே இறங்குவது, போதிய உயரமிருந்தால் குதிப்பது, எதுவாயினும் விமானியின் சொல்லைக் கேட்பது. நல்ல குடையின் கீழே, தரைக்கு அருகில் வேகமாகத் திரும்ப முயன்று மாள்வோரும் இன்று பலர். பழகியவருக்கு வரும் ஆபத்து அது.

ரங்கராஜின் பிரிவுக்கு மிகப் பெரிய சோதனை வானில் வரவில்லை, தரையில் வந்தது. 1950 டிசம்பரில் சீனப் படை நெருங்கி வர, பியோங்யாங்கை விட்டுப் பின்வாங்க ஆணை வந்தது. மருத்துவக் கருவிகளை ஏற்ற வண்டி இல்லை. விட்டுவிட்டு ஓடினால் உயிர் பிழைக்கலாம். ஆனால் கருவியில்லாத மருத்துவப் பிரிவால் யாருக்கு என்ன பயன்? கைவிடப்பட்ட நீராவி எஞ்சின் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். கொதிகலனுக்கு வாளி வாளியாகத் தண்ணீர் கைமாற்றி ஊற்றினார்கள். அதை ஓட்டத் தெரிந்தவர்கள் அவர்களுள்ளேயே இருந்தார்கள். சரக்கையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு, பாலம் தகர்க்கப்படுமுன் ஆற்றைக் கடந்தார்கள். வான்குடைக்காரரின் நெறி இதிலும் தெரிகிறது: எது போனாலும் எது போகக்கூடாது என்பதை அவர்கள் முன்பே அறிந்திருந்தார்கள். அக்கருவிகள்தாம் மூன்று மாதத்துக்குப் பின் முன்சானியிலும், போர் முடியும் வரை கொரியாவின் பிற களங்களிலும் உயிர்களைக் காத்தன. அப்பிரிவு அங்கிருந்த ஆண்டுகளில் சிகிச்சை பெற்றவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர்.

இந்திய வான்குடை வரலாற்றில் மருத்துவர்கள் இப்படித் திரும்பத் திரும்பத் தோன்றுவது தற்செயலாகத் தெரியவில்லை. 1959 ஜூலை 17 அன்று ஆக்ராவில் குதித்து, முதல் இந்தியப் பெண் வான்குடை வீரர் என்ற பெயர் பெற்றவரும் விமானப்படை மருத்துவரே. குதிப்பவர் அடிபடுவார் என்பதை அறிந்தே உடன் குதிப்பவர் மருத்துவர். தம் குடை விரியுமா என்ற கவலையோடு, விரியாத பிறர் குடைகளின் விளைவையும் அவரே சுமக்க வேண்டும்.

ரங்கராஜுக்கு இந்திய அரசு மகாவீர் சக்ரா வழங்கியது. அவருடைய பிரிவுக்கு 1955 மார்ச்சில் ஆக்ராவில் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் சிறப்புக் கோப்பையை அளித்தார். 2020 ஜூலையில் தென்கொரிய அரசு அவரை அம்மாதத்தின் போர் வீரராக அறிவித்துச் சிறப்பித்தது. ஆற்காட்டின் பெயரைக் கொரியர் நினைவில் வைத்திருக்கிறார்கள். நம்மிடையே ஆற்காடு என்றால் நவாபும் கிளைவும் பிரியாணியும் நினைவுக்கு வருவது போல் இந்த மருத்துவர் வருவதில்லை. கணவாய்களில் நடந்த போர்களை ஆண்டு தவறாமல் ஒப்பிக்கும் நம் பாடநூல்கள், வானிலிருந்து இறங்கி உயிர்காத்த ஒருவருக்கு ஒரு பத்தி ஒதுக்கினால் குறைந்துபோகாது.

மற்றொன்றையும் சொல்லி முடிக்கிறோம். குதிப்பவர்கள் எவ்வளவு அனுபவம் பெற்றாலும், மாற்றுக் குடையை மடித்து முத்திரையிடும் பணியை அதற்கென்றே பயின்ற கைகளிடம் விட்டுவிடுகிறார்கள். அந்தக் கைகளுக்குரியவரை அவர்கள் பெரும்பாலும் பார்த்ததுகூட இல்லை. பட்டு நூற்ற கொள்ளேகாலத்துப் பெண்ணையும், கான்பூரில் தையல் போட்டவரையும் ரங்கராஜ் பார்த்திருக்க வழியில்லை. ஆயினும் கதவருகே நின்ற அக்கணத்தில் அவர் நம்பியது அத்தகையவர்களைத்தான். ஒருவர் பெயரையாவது நாம் மீட்டெடுத்தால், பெயரறியாத அந்தக் கைகளுக்கும் அது நன்றியாகும்.