கால்சட்டைக் கோயில்

திருநெல்வேலிச் சீமையில், வள்ளியூரை அடுத்த வடக்கன்குளத்தில் 1872இல் ஒரு கத்தோலிக்கக் கோயில் எழும்பியது. அதன் அமைப்பு விசித்திரமானது. பீடம் ஒன்று. அதிலிருந்து இரு நீண்ட கூடங்கள் கால்சட்டையின் இரு கால்களைப்போல் விலகிச் செல்லும். ஒன்றில் வேளாளர், மற்றதில் நாடார். இரு கூடத்தாருக்கும் பீடம் தெரியும். ஒருவருக்கு மற்றவரைத் தெரியாது.

இதைக் கட்டிய ஏசுசபைக் குருமார்களைக் கொடியவர்கள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது சுலபம். சச்சரவு ஓயாத ஊரில் இரு சாராரையும் ஒரே பூசையில் கலந்துகொள்ளச் செய்யவேண்டும் என்ற கவலை அவர்களுக்கு இருந்தது. யாரையும் இழந்துவிடக்கூடாது என்ற பரிவும் இருந்திருக்கலாம். அந்தப் பரிவு செங்கல்லும் சுண்ணாம்புமாக உருவெடுத்தபோது அது சுவராக இருந்தது என்பதுதான் யோசிக்கவேண்டிய விஷயம்.

இந்த ஊருக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. மார்த்தாண்டவர்மாவின் அரண்மனை அதிகாரி நீலகண்ட பிள்ளை, குளச்சலில் தோற்றுப் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் மூலமாக ஏசுவை அறிந்து, 1745இல் வடக்கன்குளத்தில்தான் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். மேல்கீழ் பாராமல் எல்லாரோடும் பழகினார். 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 120 வருஷம் கழித்து, அவர் ஞானஸ்நானம் பெற்ற ஊரில் கோயில் இரண்டு கால்களோடு கட்டப்பட்டது. 2022இல் ரோமாபுரி அவரைப் புனிதராக அறிவித்தபோது ‘பிள்ளை’ என்ற பின்னொட்டை விட்டுவிட்டது. அதுவும் பலர் வற்புறுத்திய பிறகுதான்.

1910இல் கௌசானல் சுவாமிகள் தடுப்பை அகற்றினார். வேளாளர் தரப்பு தங்கள் பழைய தனி உரிமையைக் கேட்டு நீதிமன்றம் சென்றது. சென்னை உயர்நீதிமன்றம் வரை போய் வழக்குத் தோற்றது. கிறிஸ்தவக் கோயிலுக்குள் சாதி உரிமை கிடையாது என்பதைச் சொல்ல ஒரு சிவில் வழக்கு தேவைப்பட்டது. தீர்ப்பு சுவரைத் திரும்ப வரவிடாது. பக்கத்தில் அமர்ந்தவனின் பெயரைக் கேட்கவைப்பது அதன் வேலையல்ல.

நல்ல சமாரியன் உவமையின் முடிவில் ஏசு, அடிபட்டவனுக்கு அயலான் யார் என்று கேட்கிறார். கேள்வியை முதலில் எழுப்பிய வேதசாஸ்திரி, ‘சமாரியன்’ என்ற சொல்லை நாவில் ஏற்றாமல், இரக்கம் காட்டியவன் என்று மட்டும் சொல்லிவிடுகிறான். விடை சரிதான். வடக்கன்குளத்துக் கட்டடமும் அந்த மாதிரியான ஒரு சரியான விடை என்று எனக்குத் தோன்றுகிறது.

இதை வரலாறாக மட்டும் எழுதிவிட எனக்கு யோக்யதை இல்லை. திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆட்கள் வந்து நிறையத் தொடங்கியபின், ஞாயிறு விட்ட மறுநாள் எங்கள் வங்கிக் கிளையில் ஊருக்குப் பணம் அனுப்பும் கூட்டம் வாசலைத் தாண்டும். அவர்களுக்கென்று ஒரு தனி கவுண்டர் வைக்கலாம் என்று யோசனை சொன்னவன் நான். இந்தி தெரிந்த சகா அங்கே உட்கார்ந்தார். அவர்களுக்குச் சௌகரியம், எங்களுக்கும் சௌகரியம். மானேஜர் பாராட்டினார்.

2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்ச் செய்திகள் பரவின. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு திருப்பூர் வரை வந்து விசாரித்துப் போயிற்று. அந்த வாரம் தனி கவுண்டரில் கூட்டம் இல்லை. யார் யார் ஊருக்குப் போய்விட்டார்கள் என்று வீட்டில் கேட்டார்கள். எனக்கு ஒரு முகமும் ஞாபகம் வரவில்லை. இத்தனை வருஷத்தில் அவர்களில் ஒருவர் பெயரையாவது நான் வாயால் கேட்டதில்லை. சலானில் வாசித்ததோடு சரி.

அந்தக் கவுண்டர் இன்னும் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் கூட்டம் சமாளிக்க முடியாது என்கிறார்கள். உண்மைதான். 1872இலும் யாராவது இதைத்தான் சொல்லியிருப்பார்கள்.