அவர்களும் பெண்கள்தாமே: கண்டியின் அக்னஸ் டி சில்வா

கண்டியில் படித்தவர்களுக்கு டி சில்வா குடும்பத்தின் பெயர் புதிதல்ல. வட்டபுளுவ வீடமைப்புத் திட்டத்தை வடிவமைத்த மினட் டி சில்வாவைப் பற்றி நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவகத்தில் 1948இல் இணைந்த முதலாவது ஆசியப் பெண் அவர். அவரது தந்தை ஜோர்ஜ் ஈ. டி சில்வா கண்டியின் பிரபல பிரக்கிராசி, பின்னர் சுகாதார அமைச்சர். இந்த வீட்டின் தாயைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசியதில்லை. நம் பாட்டிமார் வாக்குச்சாவடிக்குப் போனதில் அந்தத் தாய்க்கு நேரடிப் பங்கு உண்டு என்பதால், நூற்றாண்டு மலரில் அவரை எழுதாமல் விட எங்களுக்கு மனம் வரவில்லை.

அக்னஸ் நெல் 1885இல் பறங்கியக் குடும்பமொன்றில் பிறந்தவர். 1908இல் சிங்களவரான ஜோர்ஜை மணந்தார். இனம் விட்டு இனம் மணப்பது அன்று இலகுவாக ஏற்கப்பட்ட காரியமல்ல. கண்டிக்கு வந்த அக்னஸ், கணவரின் அரசியலுக்குத் தேநீர் பரிமாறுவதோடு நின்றுவிடவில்லை.

அக்காலத்தில் யாருக்கு வாக்கு இருந்தது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். எழுத்தறிவும் அதோடு சொத்தோ வருமானமோ உள்ள ஆண்கள் மட்டுமே வாக்களித்தனர்; மொத்தச் சனத்தொகையில் அவர்கள் ஏறக்குறைய 4 சதவீதம். பெண்களுக்கு அறவே இல்லை. அக்கரையில் சென்னை மாகாணத்துப் பெண்கள், வரையறைகளோடு என்றாலும், 1921இலேயே வாக்குரிமை பெற்றிருந்தனர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927இல் அங்கே சட்டசபையின் துணைத் தலைவராகவும் ஆகிவிட்டார். இங்கே 1925இல் தேசிய காங்கிரஸ் மாநாட்டில் ஆஸலின் தோமஸ் பெண்களுக்கும் ஓரளவு வாக்குரிமை கேட்டுப் பிரேரணை கொண்டுவந்தார். பெரியவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

1927 நவம்பரில் டொனமூர் ஆணைக்குழு இலங்கை வந்தது. அடுத்த மாதமே பெண்கள் வாக்குரிமைச் சங்கம் உருவாகியது. டெய்சி டயஸ் பண்டாரநாயக்க சீமாட்டி தலைவி, அக்னஸ் செயலாளர். கனடாவிலிருந்து வந்து தமிழரொருவரை மணந்து இங்கேயே வாழ்ந்த டாக்டர் மேரி இரட்ணமும் அவர்களோடு நின்றார். பணமும் படிப்பும் உள்ள வீட்டுப் பெண்கள்தாம் இவர்கள், மறுப்பதற்கில்லை. தங்களைப் போன்றவர்களுக்கு மட்டும் வாக்குக் கேட்டிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆணைக்குழுவின் முன் சாட்சியம் அளித்தபோது நடந்த ஒன்றை அக்னஸ் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்கிறீர்களா என்று டொனமூர் பிரபு கேட்டாராம். நிச்சயமாக, அவர்களும் பெண்கள்தாமே, எங்களுக்கு எல்லாப் பெண்களுக்கும் வாக்கு வேண்டும் என்பது அக்னஸின் பதில். கொழுந்துக் கூடையோடு மலையேறிய பெண்களை அந்த மண்டபத்தில் வேறு யார் நினைத்திருப்பார்கள்?

பெண்கள் வாக்கை எதிர்த்தவர்களில் நம்மவர்களும் இருந்தனர். பெண் கல்விக்கென 1913இல் மருதனார்மடத்தில் கல்லூரி நிறுவிய சேர் பொன்னம்பலம் இராமநாதன், பெண்களுக்கு வாக்கு என்றதும் கடுமையாக எதிர்த்தார். எத்தனை முறை யோசித்தாலும் எங்களுக்கு இது விளங்குவதில்லை. மறுபுறம் மலையகத்தில் கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சி அம்மாள் 'தேசபக்தன்' பத்திரிகையில் பெண்ணுரிமை பற்றி எழுதினார். தொழிலாளர் கூட்டங்களில் பாடினார்.

ஆணைக்குழு ஆண்களுக்கு 21 வயதிலும் பெண்களுக்கு 30 வயதிலும் வாக்குரிமை சிபாரிசு செய்தது. 1928இல் பிரித்தானியாவிலேயே பெண்களின் வயது 21ஆகக் குறைக்கப்பட்டதால் இங்கும் அது 21 ஆகியது. 1931இல் இலங்கைப் பெண்கள் வாக்களித்தபோது பிரான்ஸ் நாட்டுப் பெண்களுக்கு அந்த உரிமை இன்னும் கிடைத்திருக்கவில்லை. அதே ஆண்டு இடைத்தேர்தலில் அட்லின் மொலமூரே அரசாங்க சபைக்குச் சென்றார். 1932இல் நேசம் சரவணமுத்து கொழும்பு வடக்கில் வென்று அங்கு அமர்ந்த முதலாவது தமிழ்ப் பெண்ணானார்.

அக்னஸ் சொன்ன பதில் மட்டும் முழுதாக நிறைவேறவில்லை. நிரந்தரக் குடியிருப்பு நிபந்தனை, சான்றிதழ், சொத்து, எழுத்தறிவு என்று வேலிகள் போடப்பட்டன. சட்டத்தில் பெயர் சொல்லாவிட்டாலும் அவை தோட்டத் தொழிலாளரைக் குறிவைத்தவையே. இருந்தும் பலர் பதிவு பெற்றார்கள். 1947இல் நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கமும் நுவரெலியாவில் தொண்டமானும் தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளையும் வென்றது அவர்களின் வாக்குகளால்தான். அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம் வாக்கையும் பறித்தது. ஒருமுறை வாக்களித்து, மறுமுறை இடாப்பில் பெயர் இல்லாமற்போன பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள். வாக்கே இல்லாதிருந்த அவள் தாய்க்கு அந்த ஏமாற்றம் இல்லை.

1964இல் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரின் கணக்கு 1974இல்தான் தீர்ந்தது. தலைமன்னாரில் கப்பலேறி இன்று கோத்தகிரியிலும் குன்னூரிலும் இருந்து இம்மலரை வாசிக்கும் சகோதரிகளுக்கு இதை நாங்கள் விவரிக்கத் தேவையில்லை. இங்கு எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலைக்கு முடிவுகட்ட 1986, 1988, 2003 என்று மூன்று சட்டங்கள் வேண்டியிருந்தன.

அக்னஸ் 1961இல் காலமானார். அதற்கு முந்திய ஆண்டுதான், தம் சங்கத்தின் தலைவியாயிருந்த டெய்சி சீமாட்டியின் மருமகள் சிறிமாவோ, உலகின் முதலாவது பெண் பிரதமரானார். அந்தத் தேர்தலில் கண்டியைச் சுற்றியுள்ள தோட்டங்களின் பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாக்கு இல்லை.

1931, 1936, 1947 தேர்தல்களில் வாக்களித்த உங்கள் அம்மம்மா, அப்பாயி, பாட்டி எவரேனும் வீட்டில் சொல்லிவைத்த கதை இருந்தால், பழைய பதிவுச் சான்றிதழோ புகைப்படமோ பெட்டியில் கிடந்தால், ஒரு பிரதியைச் சங்கச் செயலாளருக்கு அனுப்பிவையுங்கள். தோட்டத்துப் பெண்களின் ஆவணம் ஒன்றுகூட இதுவரை எங்கள் கோப்பில் சேரவில்லை.