ரெண்டுமே செகண்ட்ஸ் பீஸ்னா யாருக்கு ஓட்டு?



காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகம் பக்கத்தில் திறந்தபடி கிடக்கிறது. படிக்க வேண்டிய நேரம்தான். ஆனால் ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தை எழுதிவிட்டால் நிம்மதியாகப் படிக்கலாம் என்று தோன்றுகிறது.

2024 ஏப்ரல் 14, சித்திரைக்கனி. ஐந்து நாளில் நாடாளுமன்றத் தேர்தல். எனக்கு அது முதல் ஓட்டு. ஒரத்துப்பாளையம் பக்கத்திலிருந்து மாமா வீட்டுக்கு வந்திருந்தார். சாப்பிட்டு முடித்ததும் அப்பா கேட்டார்.

"மச்சா, பத்தொம்பதாம் தேதி ஓட்டுக்குப் போறீங்கல்ல?"

"நான் எதுக்குங்க மாப்ள போகோணும்? ரெண்டுமே செகண்ட்ஸ் பீஸு."

திருப்பூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெளியூர் நண்பர்களுக்காக: பனியன் கம்பெனியில் தைத்து வரும் துணியை செக்கிங் டேபிளில் பிரித்துப் பார்ப்பார்கள். ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் கோணல் இருந்தால் அது செகண்ட்ஸ். வெளிநாட்டுக்குப் போகாது. காதர்பேட்டைக்குப் போகும்.

அப்பா இருபது வருடமாக செக்கிங்கில் இருப்பவர். சும்மா விடுவாரா? "செகண்ட்ஸுன்னா எல்லாத்தையும் ஒரே மூட்டையிலயா கட்டறோம்? ஓட்டை பெருசா சின்னதான்னு பாத்துத்தானுங்க மச்சா வெலை" என்றார். மாமா பதில் சொல்லாமல் வெற்றிலையை மடித்துக்கொண்டார்.

யார் சொன்னது சரி? அன்றிலிருந்து இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மாமாவின் கணக்கு

முதலில் மாமா பக்க நியாயம். நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடித்தது 1992ல். பாசனத்துக்காகக் கட்டிய அணை. ஆனால் அதில் தேங்கியது சாயத் தண்ணீர். கீழே இருந்த கிணறுகள் உப்பாகின. மாமாவின் கிணறும் அதில் ஒன்று. 1991 முதல் 2011 வரை அதிமுக, திமுக, அதிமுக, திமுக என்று நாலு ஆட்சி மாறியது. தண்ணீர் மாறவில்லை. கடைசியில் நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் சங்கம் வழக்குப் போட்டு, அது நீண்டு, 2011 ஜனவரி 28ல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. "எங்களுக்கு நாயம் சொன்னது கோர்ட்டு. ஓட்டு இல்லை" என்பது மாமாவின் வாதம். லேசில் தள்ளிவிட முடியாத வாதம்.

ஆனால் கோபம் வந்த எல்லாரும் மாமாவைப் போல வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. அதற்கு உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது.

1,033 வேட்பாளர்கள்

1996 சட்டமன்றத் தேர்தல். ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சி தொகுதி. தங்கள் கோரிக்கைகளை எந்தக் கட்சியும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று காட்டுவதற்காக விவசாயிகள் கூட்டம் கூட்டமாகப் போய் வேட்புமனுத் தாக்கல் செய்தார்கள். களத்தில் நின்றவர்கள் 1,033 பேர்! வாக்குச்சீட்டைப் புத்தகம் மாதிரி அச்சடிக்க வேண்டியதாயிற்று. 88 பேருக்கு ஒரு ஓட்டுக்கூட விழவில்லை. அதாவது தன் ஓட்டைக்கூட அவர்கள் தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை. ஜெயித்தது திமுகவின் சுப்புலட்சுமி ஜெகதீசன்.

அதே வருடம் ஆந்திராவில் நல்கொண்டா மக்களவைத் தொகுதியில், குடிநீரில் ஃபுளோரைடு பிரச்சினைக்காக மக்கள் இதையே செய்தார்கள். அங்கே 480 வேட்பாளர்கள்.

நாடு முழுக்கப் பேசினார்கள், சரி. அரசாங்கம் என்ன செய்தது? அதே 1996ல் சட்டத்தைத் திருத்தி, சட்டசபைக்கு 250 ரூபாயாக இருந்த டெபாசிட்டை 5,000 ஆக்கியது. சுயேச்சைக்கு முன்மொழிய பத்துப் பேர் வேண்டும் என்றது. கதவைத் தட்டியவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதற்குப் பதிலாகக் கதவை இன்னும் கொஞ்சம் இறுக்கிச் சாத்திவிட்டார்கள்.

49-ஓவும் நோட்டாவும்

அடுத்து வந்தது 49-ஓ. 1961ஆம் வருடத்துத் தேர்தல் நடத்தை விதிகளில் இருந்த ஒரு விதி அது. பூத்துக்குப் போய், விரலில் மை வைத்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட பிறகு "நான் யாருக்கும் போடவில்லை" என்று சொல்லலாம். அதிகாரி அதைக் குறித்துக்கொண்டு இன்னொரு கையெழுத்து வாங்குவார். ஜெயித்தவரைவிட 49-ஓ அதிகமானால் மறுதேர்தல், நின்றவர்கள் மறுபடி நிற்க முடியாது என்றெல்லாம் ஒரு காலத்தில் ஃபார்வர்ட் மெயில் சுற்றியது. அப்படி எதுவும் அந்த விதியில் கிடையாது. அதோடு பூத் ஏஜெண்டுகள் எல்லாரும் பார்க்க எழுந்து நின்று சொல்ல வேண்டும். ரகசியம் என்ற பேச்சே இல்லை.

இதை எதிர்த்து மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2004ல் உச்ச நீதிமன்றம் போனது. 2013 செப்டம்பர் 27ல் தீர்ப்பு வந்தது. யாருக்கும் போடாத ஓட்டையும் ரகசியமாகப் போட இயந்திரத்தில் ஒரு பொத்தான் வேண்டும் என்றது தீர்ப்பு. அந்த அமர்வுக்குத் தலைமை தாங்கிய நீதிபதி சதாசிவம் நம்ம பவானி பக்கத்துக்காரர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. தமிழ்நாட்டில் நோட்டா முதன்முதலாக வந்தது 2013 டிசம்பரில் ஏற்காடு இடைத்தேர்தலில்.

ஐந்தே மாதத்தில் 2014 நாடாளுமன்றத் தேர்தல். அவிநாசி எங்கள் மாவட்டம்தான், ஆனால் நாடாளுமன்றத்துக்கு அது நீலகிரி தொகுதியில் சேர்ந்தது. அங்கே பாஜக வேட்பாளரின் மனு தள்ளுபடியாகிவிட்டது. எண்ணிப் பார்த்தால் நோட்டாவுக்கு 46,559 ஓட்டு! காங்கிரஸைத் தாண்டி மூன்றாவது இடம். அந்தத் தேர்தலில் இந்தியாவிலேயே அதிக நோட்டா விழுந்த தொகுதி அதுதான்.

சரி, அந்த 46,559 பேருக்கும் என்ன கோபம்? தங்கள் கட்சி களத்தில் இல்லையே என்றா? தேயிலை விலையா? ஊழலா? பொத்தானுக்குப் பேசத் தெரியாது. எனவே யாரும் பதில் சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை. சட்டப்படியும் நோட்டா எவ்வளவு வாங்கினாலும், மிச்சமுள்ளவர்களில் அதிகம் வாங்கியவர்தான் எம்.பி., எம்.எல்.ஏ.

கடலுக்கு அந்தப் பக்கம்

இதுவரை பார்த்ததில் புறக்கணித்தவர்களுக்குப் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. ஓட்டு வீணானது, அவ்வளவுதான். ஆனால் புறக்கணிப்பே ஒரு தேர்தலின் முடிவை மாற்றினால்? அப்படி ஒன்று இலங்கைத் தமிழர்களுக்கு நடந்தது.

2005 நவம்பர் 17, ஜனாதிபதித் தேர்தல். ஒரு பக்கம் மகிந்த ராஜபக்ச, மறுபக்கம் ரணில் விக்கிரமசிங்க. ரணில் 2002ல் புலிகளோடு போர்நிறுத்த ஒப்பந்தம் போட்டவர். ஆனாலும் இரண்டு பேருமே சிங்களத் தலைவர்கள், இரண்டு பேராலும் தமிழருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்ற கசப்பு வடக்கில் இருந்தது. புலிகள் பக்கத்திலிருந்து புறக்கணிப்பு வந்தது. அது முழுக்க மக்களின் சொந்த முடிவு என்றும் சொல்லிவிட முடியாது. மிரட்டலும் பயமும் இருந்ததைத் தேர்தல் பார்வையாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். யாழ்ப்பாண மாவட்டத்தில் ஓட்டுப் போட்டவர்கள் 1.21 சதவீதம். நூற்றுக்கு ஒருத்தர்!

மகிந்த 50.29 சதவீதம், ரணில் 48.43. வித்தியாசம் சுமார் 1 லட்சத்து 81 ஆயிரம். யாழ்ப்பாண மாவட்டத்தில் மட்டும் அன்று பட்டியலில் இருந்த வாக்காளர்கள் ஏழு லட்சத்தைச் சுற்றி. அதன்பின் 2009 மே வரை நடந்தது நம் எல்லாருக்கும் தெரியும்.

ரணில் வந்திருந்தால் போரே வந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. யாராலும் சொல்ல முடியாது. ஆனால் "ரெண்டும் ஒண்ணுதான்" என்பதையும் அந்த நாலு வருடத்தைப் பார்த்த பிறகு யாராலும் அடித்துச் சொல்ல முடியாது அல்லவா?

2010 ஜனவரியில் நிலைமை இன்னும் கொடுமை. மகிந்தவை எதிர்த்து நின்றவர் சரத் பொன்சேகா. அந்தப் போரை நடத்திய ராணுவத் தளபதி! தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு அவரை ஆதரித்தது. யாழ்ப்பாணத்தில் ஓட்டுப் போட்டவர்களில் 63 சதவீதத்துக்கு மேல் அவருக்குத்தான் போட்டார்கள். எந்த மனசோடு போட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஆனால் வந்தவர்களே கால்வாசிப் பேர்தான். மற்றவர்களால் முடியவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொன்சேகா தோற்றார்.

2015 ஜனவரியில் மகிந்தவின் அமைச்சரவையில் இருந்த மைத்திரிபால சிறிசேன எதிரில் நின்றார். இந்த முறை யாழ்ப்பாணத்தில் 66 சதவீதம் பேர் வந்தார்கள், அதில் 74 சதவீதம் சிறிசேனவுக்கு. மகிந்த தோற்றார். கிடைத்தது என்ன? வடக்கில் ராணுவக்காரர் வகித்த ஆளுநர் பதவிக்கு சிவிலியன் ஒருவர் வந்தார். ராணுவம் பிடித்து வைத்திருந்த நிலங்களில் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது. அரசியல் தீர்வு வரவில்லை. ரொம்பக் கொஞ்சம்தான், ஆனால் பூஜ்யம் இல்லை. சொந்தக் காணிக்குத் திரும்பிப் போனவரிடம் கேட்டால் அந்தக் கொஞ்சத்தின் மதிப்புத் தெரியும்.

மறுபடி மொடக்குறிச்சி

நம் ஊருக்கே திரும்பி வருவோம். 2021 சட்டமன்றத் தேர்தலில் அதே மொடக்குறிச்சியில் அதே சுப்புலட்சுமி ஜெகதீசன் மறுபடி நின்றார். பாஜகவின் சரஸ்வதியிடம் தோற்றார். வித்தியாசம் 281 ஓட்டு! எங்கள் தெருவிலேயே அத்தனை ஓட்டு இருக்கும். எந்தப் பக்கம் ஜெயித்தது நல்லது என்பது உங்கள் விருப்பம். நான் சொல்வது, அன்று "என் ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடும்" என்று வீட்டில் இருந்தவர்களில் 282 பேர் ஒரே பக்கம் போயிருந்தால் எம்.எல்.ஏ. மாறியிருப்பார்.

மாமாவின் கோர்ட் வாதத்துக்கும் ஒரு பதில் இருக்கிறது. பட்டறைகளை மூடச் சொன்னது கோர்ட்தான். ஆனால் மூடிய பிறகு திருப்பூரே வேலை இல்லாமல் நின்றபோது, பொது சுத்திகரிப்பு நிலையங்களைச் சரிசெய்ய 200 கோடி வட்டியில்லாக் கடன் கொடுத்தது மாநில அரசு. தீர்ப்பைச் செயல்படுத்துவதும் இழுத்தடிப்பதும் நாம் ஓட்டுப் போட்டு (அல்லது போடாமல்) அனுப்பும் ஆட்கள் கையில்தான்.

ஆகவே என் முடிவு இது. ஓட்டைச் சின்ன ஓட்டை உள்ள பீஸுக்கே போட வேண்டும். ஆனால் போட்டதோடு சும்மா இருந்தால், அடுத்த முறை இன்னும் பெரிய ஓட்டையோடு ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். மாமா சொல்வதில் எனக்கு இருக்கும் ஒரே பயம் அதுதான். அதற்கு வழி வீட்டில் இருப்பது இல்லை. நொய்யல் விவசாயிகள் மாதிரி ஐந்து வருடமும் விடாமல் கேட்டுக்கொண்டே இருப்பது.

அந்த ஏப்ரல் 19ல் அப்பாவோடு போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தேன். எங்கள் காம்பவுண்டில் குடியிருக்கும் ஒடிசா பையன் என் விரல் மையைப் பார்த்தான். அவனுக்கும் ஓட்டு இருக்கிறது, ஊரில். அங்கே போய்வர ஒரு வாரம் லீவு, ரயில் டிக்கெட், பீஸ் ரேட் கூலி நஷ்டம் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு, "இந்த வாட்டி முடியாதுண்ணா" என்றான். போட ஆசைப்பட்டும் முடியாதவன் அவன். இங்கிருந்து பூத்துக்கு எனக்கு ஆறு நிமிட நடை.

மாமா அன்றைக்குப் போகவில்லை. அடுத்த தேர்தலுக்கு நானே வண்டி எடுத்துக்கொண்டு போய்க் கூப்பிடலாம் என்றிருக்கிறேன். வருவாரா தெரியாது. கிணற்றுத் தண்ணீரை ஒரு சொம்பு மோந்து கொடுத்து "முதல்ல இதைக் குடி, அப்புறம் பேசலாம்" என்பார். குடித்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

உங்கள் வீட்டில் இந்தச் சண்டை எப்படிப் போகிறது? சொல்லுங்கள்.