தொட்டி கழுவிய பையன்கள்

லண்டன் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டியிடம் ஒரு கையெழுத்துப் புத்தகம் இருக்கிறது. 1820களில் சிஸ்விக்கில் இருந்த அவர்களுடைய தோட்டத்தில் வேலை பழக வந்த இளைஞர்கள், சேரும்போது தங்கள் கைப்பட எழுதிக்கொடுத்த குறிப்புகள். அப்பாவுக்கு என்ன தொழில், தோட்டத்து வேலைக்கு எப்போது வந்தேன், இதற்கு முன் எங்கெங்கே பழகினேன் என்று ஆளுக்குச் சில வரிகள். நூறு பேருக்கு மேல் எழுதியிருக்கிறார்கள். ஒரு தொழிலின் அடிமட்டத்தில் இருந்தவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதிய ஆவணம் இப்படிக் கிடைப்பது ரொம்ப அபூர்வம்.

அதில் 1823 நவம்பரில் சேர்ந்த ஒரு பையன், 1801இல் பிறந்ததாக எழுதியிருக்கிறான். பொய். உண்மையில் பிறந்தது 1803இல். பெட்ஃபோர்ட்ஷயரில் ஒரு விவசாயக் கூலியின் ஏழாவது மகன். பெயர் ஜோசப் பாக்ஸ்டன். பின்னாளில் 1851 கண்காட்சிக்காக லண்டனில் கிரிஸ்டல் பேலஸை வடிவமைத்தாரே, அவரேதான். இருபது வயசுப் பையன் இரண்டு வயசைக் கூட்டிச் சொன்னதற்குக் காரணம் ஊகிக்கக்கூடியதுதான். அந்தத் தொழிலில் வயசு என்றால் அனுபவம்.

பிரிட்டனில் தோட்டக்காரர் ஆவதற்கு அன்றைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. பெரிய பண்ணை வீடுகளின் தோட்டத்தில் பதினாலு, பதினைந்து வயசில் சேர வேண்டும். பல இடங்களில் தலைமைத் தோட்டக்காரருக்கு அப்பா பணம் கட்டித்தான் பையனைச் சேர்த்துவிடுவார். முதல் வேலை மண்தொட்டிகளைக் கழுவுவது. உடைந்த தொட்டியைச் சில்லுச் சில்லாக உடைத்து, வடிகாலுக்காகத் தொட்டிகளின் அடியில் போடுவது. அப்புறம் காய்கறிப் பகுதி, அப்புறம் பழமரங்கள், கடைசியில்தான் கண்ணாடி வீடு. ஓர் இடத்தில் ஒன்றிரண்டு வருஷம் இருந்துவிட்டு அடுத்த தோட்டத்துக்குக் கிளம்பிவிட வேண்டும்.

தங்குவதற்குக் கொடுத்த இடத்துக்குப் பெயர் பாத்தி. (நம்ம ஊர்ப் பாத்தி இல்லை!) தோட்டத்துப் பெரிய சுவரில் வெயில் படுகிற தெற்குப் பக்கம் கண்ணாடி வீட்டுக்கு, நிழல் விழுகிற வடக்குப் பக்கம் பையன்களுக்கு. பக்கத்திலேயே கொதிகலன். பனிக்கால இரவில் முறைபோட்டு எழுந்து நிலக்கரி போட வேண்டும். தூங்கிவிட்டால் காலையில் அன்னாசிச் செடிகள் போய்விடும்.

இதற்கு மேல் படிப்பு வேறு. செடிகளின் லத்தீன் பெயர், கணக்கு, நில அளவை, வரைபடம் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். தோட்டக்கலை எழுத்தாளர் ஜான் கிளாடியஸ் லவுடன் இளம் தோட்டக்காரர்களுக்காகவே ஒரு சுயகல்விப் புத்தகம் எழுதினார். அவர் இறந்த பிறகு 1845இல் வெளிவந்தது. அதே லவுடன் 1826இல் தொடங்கிய தன் பத்திரிகையில் ஒரு கணக்கைப் போட்டுக்காட்டினார். எழுதப் படிக்கத் தெரியாத கொத்தனாருக்கு நாளைக்கு 5 முதல் 7 ஷில்லிங். இரவெல்லாம் படித்துத் தாவரவியல் கற்ற தோட்டக்காரருக்கு இரண்டரை, மிஞ்சினால் 3 ஷில்லிங். ஆறு நாளைக்குப் பெருக்கிப் பாருங்கள், 18 வரும். பாக்ஸ்டன் சிஸ்விக்கில் வாரத்துக்கு வாங்கியதும் 18 ஷில்லிங்தான்.

சரி, இத்தனையும் பொறுத்துக்கொண்டதற்குப் பலன்? தலைமைத் தோட்டக்காரர் பதவி. அது வந்தால் தனி வீடு, குடும்பம், மரியாதை. ஆனால் ஒரு பண்ணைக்கு ஒரே ஒரு தலைமைத் தோட்டக்காரர்தானே, பாத்தியில் காத்திருப்பவர்கள் எத்தனை பேர்! கல்யாணம் பண்ணிக்கொண்டால் பாத்தியில் இடமும் போய்விடும். என் பார்வையில் அந்த ஏற்பாட்டின் கோளாறே இதுதான். பழக்கிவிடுவதில் குறையில்லை, பழகியவனுக்கு இடம்தான் இல்லை.

பாக்ஸ்டனே அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறும் யோசனையில்தான் இருந்தார். அவரைக் காப்பாற்றியது அக்கம்பக்கம். சொசைட்டியின் தோட்டம் இருந்த நிலம் டெவன்ஷயர் பிரபுவிடம் குத்தகைக்கு எடுத்தது; பிரபுவின் மாளிகையும் அருகில்தான். வந்துபோகும்போது பேசிப் பழகியதில் பையனைப் பிடித்துப்போய், 1826இல் சாட்ஸ்வர்த் தோட்டத்தை அப்படியே ஒப்படைத்துவிட்டார். விடியற்காலை நாலரை மணிக்குப் போய்ச் சேர்ந்து, கதவு திறக்காததால் ஏறிக் குதித்து உள்ளே போனதாகப் பாக்ஸ்டனே பிற்பாடு சொல்லியிருக்கிறார். அப்போது வயசு 22.

எல்லாருக்கும் பிரபு பக்கத்து வீட்டில் இருப்பாரா? மற்றவர்களுக்கு இருந்த ஒரு பெரிய வழி கடல் தாண்டுவது. ஸ்காட்லாந்தில் தொழில் பழகிய ராபர்ட் ஃபார்ச்சூனை, அதே சொசைட்டி 1843இல் செடி சேகரிக்கச் சீனாவுக்கு அனுப்பியது. வருஷத்துக்கு 100 பவுண்டு சம்பளம். 1848இல் கிழக்கிந்தியக் கம்பெனி, சீனத்துத் தேயிலைச் செடிகளை இமயமலைச் சரிவுகளுக்குக் கொண்டுவர அதே ஆளுக்கு 500 பவுண்டு கொடுத்தது. தோட்டக்காரனுக்கு வாழ்வு எங்கே இருந்தது என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

நம்ம ஊட்டிக்கு ஆள் வந்ததும் அதே 1848இல்தான். கியூ தோட்டத்தில் பழகிய வில்லியம் கிரஹாம் மெக்ஐவர். ஐரோப்பியர்கள் காய்கறிக்காகச் சந்தா போட்டு நடத்திப் பார்த்த தோட்டத்தை இன்றைய தாவரவியல் பூங்காவாக மாற்றினார். பிறகு 1860களில் சின்கோனா. அதன் பட்டையில்தான் மலேரியாவுக்கான குயினைன் இருக்கிறது. ஆனால் பட்டைக்காக மரத்தையே வெட்ட வேண்டியிருந்தது. மெக்ஐவர் பட்டையை நீளவாக்கில் பட்டை பட்டையாக உரித்து, வெறுமையான இடத்தில் ஈரப்பாசியைச் சுற்றிக் கட்டினார். மரம் சாகவில்லை. புதுப்பட்டை வளர்ந்தது, அதில் குயினைனும் கூடுதலாக இருந்தது.

நடுவட்டம் சின்கோனாத் தோட்டத்தில் வேலைக்கு விடப்பட்டவர்களில், மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து அனுப்பப்பட்ட சீனக் கைதிகளும் உண்டு. இவர்கள் யாருடைய சிபாரிசிலும் வந்தவர்கள் இல்லை. விடுதலையான பிறகு சிலர் ஊர் திரும்பாமல், தமிழ்ப் பெண்களோடு குடும்பமாகி, நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் நடுவில் காய்கறியும் கொஞ்சம் காப்பியும் பயிரிட்டுப் பிழைத்தார்கள்.