கேடாவில் விளம்பரம் இல்லாமல் ஓடிய தொலைக்காட்சி

தொலைக்காட்சியில் நம் பிரச்சனைகள் ஏன் வருவதில்லை என்று கேட்கும் தோழர்கள், அந்தத் தொலைக்காட்சிக்குப் பணம் கொடுப்பது யார் என்றும் கேட்க வேண்டும். குஜராத்தின் கேடா மாவட்டத்தில் இதற்கு ஒரு பாடம் இருக்கிறது.

1959இல் டெல்லியில் தொடங்கிய இந்தியத் தொலைக்காட்சி, அரசுப் பணத்திலும் பெட்டி வைத்திருந்தவர்கள் கட்டிய உரிமக் கட்டணத்திலும் நடந்தது. விளம்பரம் 1976இல்தான் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு கேடாவில், பிஜ் என்ற கிராமத்தில் ஒரு சிறிய ஒளிபரப்பு நிலையம் அமைந்தது. நிகழ்ச்சிகளைத் தயாரித்தது அகமதாபாத்தில் உள்ள இஸ்ரோ மையம். சுமார் 400 கிராமங்களில் பொதுப் பெட்டிகள் வைக்கப்பட்டன. விளம்பரமே கிடையாது.

சோப்பு விற்கும் கட்டாயம் இல்லாத அந்தத் திரையில் தீண்டாமை வந்தது, குறைந்தபட்சக் கூலி வந்தது, நிலவுடைமையாளர்களின் சுரண்டல் வந்தது. கிராமத்து மக்களே நடித்தார்கள், பேசினார்கள். 1984இல் யுனெஸ்கோ பரிசும் கிடைத்தது. இதற்காகக் கேடாவைப் புனிதமாக்க வேண்டியதில்லை. பொதுப் பெட்டி எந்தத் தெருவில் இருந்தது, அதன் முன்னால் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதெல்லாம் ஆய்வு மாணவர்கள் தோண்ட வேண்டிய கேள்விகள்.

அதே 1984 ஜூலையில் தூர்தர்ஷனில் 'ஹம் லோக்' தொடர் தொடங்கியது. குடும்பக் கட்டுப்பாட்டுப் பிரச்சாரத்துக்காகத் திட்டமிட்ட தொடர்தான். ஆனால் அதற்குப் பணம் போட்டது மேகி நூடுல்ஸ். தொடர் வெற்றி பெற்றதும் மற்ற கம்பெனிகளும் வரிசையில் நின்றன. 1985இல் உரிமக் கட்டணம் ஒழிந்தது. கட்டணம் கட்டிப் பார்த்தவர்கள், அதன் பிறகு விளம்பரதாரருக்கு விற்கப்படும் தலைகள் ஆனார்கள்.

அதே ஆண்டில், மெட்ராஸில் இரண்டாவது சேனல் தொடங்க பிஜ் நிலையத்தின் ஒளிபரப்புக் கருவி தேவை என்று டெல்லி உத்தரவிட்டது. பொழுதுபோக்குச் சேனல்! நம் நகரத்துக்காகத்தான் அந்தக் கிராமத்தின் வாயை அடைக்கப் பார்த்தார்கள். கேடா மக்கள் கூட்டம் கூடி எதிர்த்தார்கள். ஆனாலும் அந்தப் பழைய பிஜ் திரும்பவில்லை.

வானலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொன்னது. 1990இல் நிறைவேறிய பிரசார் பாரதி சட்டம் 1997இல் நடைமுறைக்கு வந்தது. தூர்தர்ஷனுக்குப் பெயரளவில் தன்னாட்சி கிடைத்தது, ஊழியர் சம்பளம் மத்திய அரசின் மானியத்திலேயே நின்றது. தொண்டு நிறுவனங்களும் சமுதாய வானொலி நடத்தலாம் என 2006இல் கொள்கை வந்தது. வானொலி மட்டும்தான். அதிலும் சொந்தமாகச் செய்தி சேகரித்து ஒலிபரப்பக் கூடாது.