ஈரோட்டுக்காரரும் ஃபோர்ட்ரானும்

ஈரோட்டில் பிறந்த மேதை யார் என்றால் ராமானுஜன் என்று பட்டென்று சொல்வீர்கள். 1933-ல் அதே ஊரில் பிறந்த வி.ராஜாராமனைத் தெரியுமா?

1963-ல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 1620 கம்ப்யூட்டர் வந்திறங்கியது. அதில் ஃபோர்ட்ரான் சொல்லிக்கொடுத்த பேராசிரியர். அவர் எழுதிய புத்தகங்களைப் படித்துத்தான் ஒரு தலைமுறையே புரோகிராம் எழுதப் பழகியது.

1957-ல் ஐ.பி.எம்.மின் ஜான் பேக்கஸ் குழு வெளியிட்ட மொழி அது. 'கிழடாகிவிட்டது' என்று எத்தனையோ முறை பாடை கட்டிப் பார்த்தார்கள். ம்ஹூம். கிழவர் 2003-ம் வருடத் தரநிர்ணயத்தில் 'ஆப்ஜெக்ட் ஓரியன்டட்' வித்தையையும் கற்றுக்கொண்டார்!

கோயமுத்தூர் பாணியில் சொல்கிறேன். கடையில் போய் வெறுமனே 'பம்ப் கொடுங்க' என்று கேட்டுப் பாருங்கள். "மோனோபிளாக்குங்களா, சப்மெர்சிபிளுங்களா?" என்பார் கடைக்காரர். வெறும் 'பம்ப்' எந்தக் கடையிலும் கிடையாது. 'தண்ணீர் இறைக்கணும்' என்பது மட்டுமே அதன் நிபந்தனை. எப்படி இறைப்பது என்பது அந்தந்த ரகத்தின் பாடு. அதுதான் அப்ஸ்ட்ராக்ட் டைப்.

கன்ஸ்ட்ரக்டர்? ஹெச்.பி. எவ்வளவு என்று பார்த்துப் பூட்டி, ஓடும் நிலையில் கொடுக்கிற ஃபிட்டர். ஃபோர்ட்ரானில் அந்த ஃபிட்டருக்கும் பம்பின் பெயரையே வைத்துவிடலாம்.

இந்த வயதில் எதற்கு இந்தப் பாடு என்கிறீர்களா? வானிலை கணிக்கும் பெரிய புரோகிராம்கள் பல, லட்சக்கணக்கான வரிகளாக ஃபோர்ட்ரானில்தான் கிடக்கின்றன. அத்தனையையும் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுத யார் வருவார்கள்?